கடிதம் போட்டால் குறையும் வரிசை

2024 ஜூன் மாதத்தில் நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் வாடகை உதவிக்கு விண்ணப்பம் வாங்கியது. ஒரே ஒரு வாரம்தான். அதற்குமுன் கடைசியாக விண்ணப்பம் வாங்கிக் கிட்டத்தட்ட 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஒரு வாரத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றிலிருந்து 2 லட்சம் பெயர்களைக் கணினி குலுக்கி எடுத்தது. பெயர் வந்தவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை, வாடகைப் பணமும் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

வரிசையில் நிற்பதற்கே குலுக்கல் என்றால் அந்த வரிசையைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கத்தான் வேண்டும். உள்ளே போனால் வேடிக்கையான கணக்கு ஒன்று தென்படுகிறது. ஒரு வீடுகூடக் கட்டாமல், ஒரு டாலர்கூடக் கூடுதலாக ஒதுக்காமல் இந்தப் பட்டியலைப் பாதியாக்கலாம். காத்திருக்கும் காலத்தையும் பாதியாக்கலாம். யாரும் பொய்க்கணக்கு எழுதவேண்டியதில்லை; அஞ்சல் செலவு மட்டும் போதும்.

300 டாலர், 1,100 டாலர்

அமெரிக்கர்கள் இந்த உதவியை ‘செக்‌ஷன் 8’ என்கிறார்கள். 1937-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் அது எட்டாவது பிரிவு. 1974 ஆகஸ்டில், ஜெரால்ட் ஃபோர்டு அதிபராகி இரண்டு வாரம் முடிவதற்குள் கையெழுத்திட்ட சட்டம் அந்தப் பிரிவுக்கு இன்றைய உருவைக் கொடுத்தது. அரசே அடுக்குமாடி கட்டி ஏழைகளைக் குடிவைப்பது பழைய வழி. தனியார் வீட்டில் அவர்கள் குடியிருக்க, வாடகையின் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு அரசு நேரடியாகக் கட்டுவது புதிய வழி. இன்று சுமார் 23 லட்சம் குடும்பங்கள் ‘வவுச்சர்’ எனப்படும் இந்த உதவிச் சீட்டை நம்பி வாழ்கின்றன.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளுக்கான கழிவு முதலியவை போக மாத வருமானம் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 விழுக்காடு, அதாவது 300 டாலர், குடும்பத்தின் பங்கு. அந்த ஊரில் அந்த அளவு வீட்டுக்கு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு 1,400 டாலர் என்றால் மீதி 1,100 டாலர் ஆணையத்தின் பங்கு. 1,500 டாலர் வாடகையில் ஒரு வீடு பிடித்துப்போனால் கூடுதல் 100 டாலரைக் குடும்பமே போட்டுக்கொள்ளலாம். 1,550 டாலர் வீடு என்றால் முடியாது. முதன்முதலில் குடிபோகும்போது குடும்பத்தின் பங்கு அந்த வருமானத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. வெறும் 50 டாலரில் அந்த வீடு கைநழுவிப் போகும்.

உதவியின் அளவு இப்படி டாலர் சுத்தமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. யாருக்குக் கிடைக்கும் என்பது அப்படியில்லை. அமெரிக்காவில் உணவு உதவிக்குத் தகுதி இருப்பவர் விண்ணப்பித்தால் உதவி வந்தே தீரும். அது சட்டப்படியான உரிமை. வாடகை உதவி அந்த வகையில் சேராது. நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் பணம் தீர்ந்ததும் கதவு மூடப்படும். தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் ஏதாவதொரு வாடகை உதவி கிடைக்கிறது. மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன, அல்லது வரிசையே மூடியிருப்பதால் வெளியில் நிற்கின்றன.

கதவு திறக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு 2010 ஆகஸ்டில் ஜார்ஜியா மாநிலத்தின் ஈஸ்ட் பாயின்ட் நகரம் சாட்சி. விண்ணப்பப் படிவம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சுமார் 30,000 பேர் ஒரு வணிக வளாகத்தில் திரண்டார்கள். வெயிலிலும் நெரிசலிலும் பலர் சுருண்டு விழுந்தார்கள். இப்போது பல ஊர்களில் விண்ணப்பம் இணையத்துக்குப் போய்விட்டது. பெயர், முகவரி, குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்று முதல்கட்டப் படிவம் சின்னதாக முடிந்துவிடும். பிறப்புச் சான்று, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் பெயர் மேலே வந்த பிறகுதான். படிவம் போட்ட நாளுக்கும் சான்றிதழ் கேட்கும் நாளுக்கும் இடையில்தான் நம் கணக்கு இருக்கிறது.

பொறுமை இழப்பின் கணிதம்

வரிசைகளைப் பற்றிய அறிவியல் தொலைபேசியில் பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த அக்னர் எர்லாங், எத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்ற கேள்வியோடு 1909-இல் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில், நிலையாக ஓடும் எந்த வரிசைக்கும் பொருந்தும் விதி ஒன்றை நிறுவினார். வரிசையில் இருப்போரின் எண்ணிக்கை என்பது, ஆட்கள் வந்து சேரும் வேகத்தை ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் காலத்தால் பெருக்கினால் வரும் தொகை. வங்கிக்கும் தொழிற்சாலைக்கும் இது பொருந்தும்.

ஆனால் வாடகை உதவிப் பட்டியலில் வருகிறவர் அதிகம், பெறுகிறவர் குறைவு. அப்படியானால் பட்டியல் முடிவில்லாமல் நீளவேண்டும் அல்லவா? நீள்வதில்லை. ஏனென்றால் எதுவும் பெறாமலே பலர் விலகிப் போகிறார்கள். இந்த விலகலை 1940-களிலேயே கணக்கில் எடுத்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் கானி பால்ம். மறுமுனையில் ஆள் வருவதற்குள் பொறுமை இழந்து தொலைபேசியை வைத்துவிடும் வாடிக்கையாளர்களைப் பற்றித்தான் அவர் யோசித்தார்.

ரயிலில் நம் காத்திருப்பு எண் 40-லிருந்து 12-க்கு இறங்குவது யாரோ பயணத்தை ரத்து செய்ததால்தான். கூடுதல் பெட்டி கோத்ததால் இறங்குவது அபூர்வம். வீட்டுப் பட்டியலும் அப்படித்தான் நகர்கிறது.

கற்பனை ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,000 குடும்பங்கள் புதிதாக விண்ணப்பிக்கின்றன. 1,000 குடும்பங்களுக்கு வவுச்சர் கிடைக்கிறது. பட்டியலில் இருப்பவர்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் விலகுகிறார். பட்டியல் எங்கே போய் நிற்கும்? வருகிறவர் 5,000, பெறுகிறவர் 1,000. மீதி 4,000 பேர் விலகினால்தான் கணக்கு சமனாகும். பத்தில் ஒரு பங்கு 4,000 என்றால் மொத்தம் 40,000. பட்டியல் அங்கேயே நின்றுவிடும். வவுச்சர் வாங்கும் குடும்பம் சுமார் 15 ஆண்டு காத்திருந்திருக்கும். சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் கடைசிவரை தாக்குப்பிடித்திருப்பார்.

இப்போது நல்ல மனம் கொண்ட ஓர் அரசு வந்து வவுச்சரை இரட்டிப்பாக்குகிறது. ஆண்டுக்கு 2,000. பட்டியல் 40,000-லிருந்து 30,000 ஆகும். காத்திருப்பு ஒன்பது ஆண்டுக்குச் சற்றுக் கீழே வரும். இரண்டு மடங்கு உதவி செய்தும் பட்டியல் கால்பங்குதான் குறைந்தது.

பக்கத்து ஊரில் ஒரு வவுச்சர்கூட அதிகமாகவில்லை. அங்குள்ள அலுவலகம் ஆண்டுதோறும் எல்லோருக்கும் ஒரு கடிதம் போடுகிறது. ‘பட்டியலில் தொடர விருப்பமா? குறித்த நாளுக்குள் பதில் அனுப்பவும். இல்லையேல் பெயர் நீக்கப்படும்.’ இதனால் விலகுவோர் பத்தில் ஒருவர் என்பது ஐந்தில் ஒருவர் ஆகிறது. பட்டியல் 20,000 ஆகிவிடும். காத்திருப்பு சுமார் ஏழு ஆண்டாகச் சுருங்கிவிடும். உதவியை இரட்டிப்பாக்கிய ஊரைவிடக் கடிதம் போட்ட ஊர், ஆண்டறிக்கையில் இரண்டு பத்தியிலும் முந்தி நிற்கும்!

பட்டியலின் நீளம் வீட்டுத் தட்டுப்பாட்டைக் காட்டும் அளவுகோல் என்றுதான் செய்தித்தாள் படிக்கும் எவரும் நினைப்பார்கள். அது மக்களின் பொறுமையையும் சேர்த்தே அளக்கிறது. பொறுமை தீர்ந்தாலும் முகவரி மாறினாலும் அது குட்டையாகும். தவிர, ஒரே குடும்பம் பல ஊர்ப் பட்டியல்களில் பெயர் கொடுக்கலாம். எண்ணிக்கை அங்கே இரண்டாகவும் மூன்றாகவும் பெருகும். புதுப்பெயர் சேர்ப்பதையே நிறுத்திவிட்டால் தேவை எவ்வளவு ஏறினாலும் பட்டியல் இளைத்துக்கொண்டே வரும்.

விலகுகிறவர் யார்?

இந்தக் கடிதங்கள் கற்பனை இல்லை. பல ஆணையங்கள் இப்படித்தான் பட்டியலைப் புதுப்பிக்கின்றன. வீடு கிடைத்துவிட்டவர், ஊரைவிட்டுப் போனவர், இறந்தவர் பெயரையெல்லாம் சுமந்துகொண்டிருக்க முடியாதுதானே. அதற்கு ஒரு கோட்பாட்டு ஆதரவும் இருந்தது. 1982-இல் ஆல்பர்ட் நிக்கோல்ஸ், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரு பொருளியலாளர்கள், உதவி பெறும் வழியில் கொஞ்சம் சிரமம் வைப்பது நல்லதாகவும் இருக்கலாம் என்று வாதிட்டார்கள். உண்மையில் தேவை உள்ளவர் சிரமப்பட்டாவது வருவார், தேவை குறைந்தவர் தானாகக் கழன்றுகொள்வார் என்பது அவர்கள் தர்க்கம்.

வாடகைப் பட்டியலில் இந்தத் தர்க்கம் தலைகீழாகும் ஆபத்து இருக்கிறது. ஒரே வீட்டில் பத்தாண்டு நிலையாக இருப்பவருக்குக் கடிதம் தவறாமல் வரும். மாதத்துக்கொரு உறவினர் வீட்டு ஹாலில் படுப்பவருக்கும், காரில் தூங்குபவருக்கும், தங்கும் விடுதிகளில் நாள் கழிப்பவருக்கும் அது எந்த முகவரிக்கு வரும்? வீடு நிலையில்லாததால் விண்ணப்பித்தவர், வீடு நிலையில்லாத காரணத்தாலேயே நீக்கப்படுவார்.

முகவரி இருந்தால் மட்டும் போதாது, மனமும் அந்த வேலைக்கு ஒழியவேண்டும். இதைச் சோதித்த ஆய்வு ஒன்று நம் ஊரில்தான் நடந்தது. ஆனந்தி மணி, தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே ஆள் குறைவாக மதிப்பெண் எடுத்தார். கரும்புப் பணம் வந்தபின் அதே ஆள் மேலே வந்தார். பணக் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு. படிவத்தின் கடைசித் தேதியை நினைவில் வைப்பது, அந்த நினைவு மிச்சமில்லாதவர்களுக்கே தேர்வாக வைக்கப்படுகிறது.

அரசே கட்டிய குடியிருப்புகளின் பட்டியல்களிலும் விதிதான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. எந்தக் குடியிருப்பு வேண்டும் என்று விண்ணப்பதாரரே சொல்லலாமா, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டுமா? மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரப் பட்டியலை ஆராய்ந்து டேனியல் வால்டிங்கர் 2021-இல் இதற்கு விடை தேடினார். தேர்வு கொடுத்தால் குடும்பத்துக்குப் பிடித்த வீடு அமைகிறது. ஆனால் மிகவும் நலிந்த குடும்பங்களுக்குப் போய்ச்சேரும் பங்கு குறைகிறது. தேர்வை மறுத்தால், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பவரே மிஞ்சுகிறார். இரண்டில் எது நியாயம் என்று கணிதம் தீர்ப்புச் சொல்லாது; எதற்கு என்ன விலை என்று மட்டும் சொல்லும்.

குலுக்கலில் விழுந்த அறிவியல்

வரிசையைவிடக் குலுக்கல் நேர்மையானது என்ற எண்ணம் மெல்ல வலுத்தது. விடியற்காலையில் வந்து நிற்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் அதில் ஒரே வாய்ப்பு. இந்த நேர்மையின் பக்கவிளைவாக, யாரும் எதிர்பாராத ஒரு பரிசு சமூக அறிவியலுக்குக் கிடைத்தது.

மருந்தின் பலனை அறிய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் மருந்து கொடுப்பார்கள். வறுமையை அப்படி ஆராய்வது எளிதல்ல. ஒரு குடும்பத்துக்கு உதவி கொடுத்து இன்னொன்றுக்கு மறுக்க ஆய்வாளர்களுக்கு எளிதில் மனம் வராது. வாடகைக் குலுக்கலோ அதைத் தானாகவே செய்துவிட்டது. சிகாகோ நகரம் 1997-இல் வவுச்சர் பட்டியலைத் திறந்தபோது 82,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். எல்லோருக்கும் குலுக்கல் முறையில் வரிசை எண் கிடைத்தது. முன் எண்காரருக்கும் பின் எண்காரருக்கும் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. பிரையன் ஜேக்கப், ஜென்ஸ் லுட்விக் இருவரும் அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வவுச்சர் பெற்றவர்களின் சம்பாத்தியம் சுமார் 10 விழுக்காடு குறைந்திருந்தது. வருமானம் ஏறினால் வாடகைப் பங்கும் ஏறும் என்ற 30 விழுக்காட்டு விதியை நினைத்துப் பார்த்தால் இது புரியும். பிள்ளைகளின் படிப்பிலும் பெரிய மாற்றம் தென்படவில்லை. உதவியை ஆதரிப்போருக்குக் கசப்பான முடிவுதான்.

அதே பத்தாண்டில் மத்திய வீட்டுவசதித் துறை வேண்டுமென்றே ஒரு குலுக்கல் சோதனை நடத்தியது. 1994 முதல் 1998 வரை பாஸ்டன், பால்டிமோர், சிகாகோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய ஐந்து நகரங்களில் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த சுமார் 4,600 குடும்பங்கள் அதில் சேர்ந்தன. ஒரு பிரிவுக்குக் கிடைத்த வவுச்சரில் நிபந்தனை இருந்தது: வறுமை 10 விழுக்காட்டுக்குக் குறைவான பகுதிக்குத்தான் குடிபோக வேண்டும். இன்னொரு பிரிவுக்குச் சாதாரண வவுச்சர். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை.

முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளில் வந்த முடிவுகள் சோர்வு தந்தன. பெற்றோரின் வருமானம் உயரவில்லை. உடல்நலத்தில் மட்டும் மாற்றம் தெரிந்தது. அதிக உடற்பருமனும் நீரிழிவும் குறைந்திருந்தன. பிறகு 2016-இல் ராஜ் செட்டி, நத்தானியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் வரித் துறைப் பதிவுகளை எடுத்து, அன்று குழந்தைகளாக இருந்தவர்களின் இன்றைய சம்பாத்தியத்தைப் பார்த்தார்கள். நிபந்தனை வவுச்சரில் 13 வயதுக்குமுன் குடிபெயர்ந்தவர்கள் இருபதுகளின் நடுவில், குடிபெயராதிருந்தால் சம்பாதித்திருக்கக் கூடியதைவிட 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். கல்லூரிக்குப் போனவர்களும் அதிகம். 13 வயதுக்குப்பின் போனவர்களுக்கு ஆதாயம் இல்லை. சற்றே நட்டம்கூடத் தெரிந்தது.

சிகாகோவில் பெரும்பாலான குடும்பங்கள் முன்போன்ற சுற்றுப்புறத்திலேயே இருந்தன. வாடகைச் சுமை குறைந்தது, தெரு மாறவில்லை. இங்கே தெருவே மாறியது. அதுவும் எத்தனை ஆண்டு அந்தத் தெருவில் வளர்ந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் கூடியது.

இரண்டு கடிகாரங்கள்

இந்த இடத்தில் வரிசைக் கணிதமும் குலுக்கல் அறிவியலும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. நாட்டு அளவில், வவுச்சர் பெற்ற குடும்பங்கள் சராசரியாக இரண்டரை ஆண்டுக்கு அருகே காத்திருந்தன என்று 2021-இல் வந்த ஓர் ஆய்வறிக்கை கணக்கிட்டது. பெரிய ஆணையங்கள் சிலவற்றில் இது எட்டு ஆண்டுவரை போனது. கவனிக்க வேண்டியது, இது பெற்றவர்களின் சராசரி. வழியில் விலகியவர் அதில் இல்லை. கதவு மூடியிருந்ததால் உள்ளே வராதவரும் இல்லை.

எட்டு ஆண்டு காத்திருப்பில் ஆறு வயதுக் குழந்தை பதினான்கைத் தொட்டுவிடும். அப்போது கைக்கு வரும் வவுச்சர் அதே தொகைதான், அதே விதிதான். வாடகை நிச்சயம் குறையும். ஆனால் நல்ல தெருவால் அந்தக் குழந்தைக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயத்தின் காலம் போய்விட்டது. அலுவலகத்தின் கணக்கில் அது ஒரு பயனாளி. காத்திருப்பு உதவியைத் தள்ளிப்போடுவதோடு நிற்பதில்லை, உதவியையே கரைத்துவிடுகிறது.

வவுச்சர் வந்தபின்பும் ஓட்டம் முடியாது. குறைந்தது 60 நாள் அவகாசம். அதற்குள் வரம்புக்குள் வாடகை உள்ள வீடு கிடைக்கவேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி அடிக்கிறதா, குழாயில் சுடுநீர் வருகிறதா, பழைய வீடானால் ஈயம் கலந்த பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புதல் தரவேண்டும். எல்லாவற்றுக்கும் முன் வீட்டுக்காரர் வவுச்சரை ஏற்கவேண்டும். 2018-இல் அர்பன் இன்ஸ்டிடியூட் நடத்திய சோதனையில் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் 78 விழுக்காடு வீட்டுக்காரர்கள் வவுச்சர் என்றதும் மறுத்தார்கள். அப்படி மறுப்பதைச் சட்டம் தடுக்கும் வாஷிங்டன் நகரில் மறுத்தவர்கள் 15 விழுக்காடு.

சியாட்டில் பகுதியில் நடந்த இன்னொரு குலுக்கல் சோதனை இதற்கு மருந்து இருப்பதைக் காட்டியது. வவுச்சரோடு, வீடு தேடித் தரவும் வீட்டுக்காரரிடம் பேசவும் ஆள் ஒருவரை ஆணையம் துணைக்கு அனுப்பியது. நல்ல வாய்ப்புள்ள பகுதிக்குப் போன குடும்பங்கள் 15 விழுக்காட்டிலிருந்து 53 விழுக்காடாயின. அந்தக் குடும்பங்களுக்கு அந்தப் பகுதிகள் பிடிக்காமல் இல்லை. போய்ச்சேரும் வழிதான் அடைபட்டிருந்தது.

என்ன எண்ணவேண்டும்?

பட்டியலின் நீளம், சராசரிக் காத்திருப்பு என்ற இரண்டு எண்களும் தனியாக நின்றால் எதையும் சொல்லாது என்று பார்த்தோம். கூடவே வேறு மூன்று எண்கள் வேண்டும். ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பெற்றார்கள், எத்தனை பேர் வெறுங்கையோடு நீங்கினார்கள். மூன்றாவது எண்ணை இன்னும் பிரித்து, வேறு நல்ல வீடு கிடைத்துப் போனவர், பதில் வராததால் நீக்கப்பட்டவர் என்று காட்டினால் பட்டியல் தன் கதையை மறைக்க முடியாது. குடும்பத்தின் கடைக்குட்டிக்கு என்ன வயது என்ற ஒரு கட்டத்தையும் படிவத்தில் கவனித்து வரிசைப்படுத்தினால், அதே பணம் அதிகப் பலன் தரக்கூடும். இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. வந்த விண்ணப்பங்களும் அனுப்பிய கடிதங்களும் அலுவலகத்தின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன.

காத்திருப்போர் எண்ணிக்கை பாதியாகிவிட்டது என்று எந்த ஊரில் எந்த அலுவலகம் அறிவித்தாலும் ஒரே ஒரு கேள்வி போதும்: பட்டியலைவிட்டுப் போனவர்களில் சாவியோடு போனவர்கள் எத்தனை பேர்?